ஃபோகஸ் போன ஷாட்டுக்கு அவார்டு

அண்ணே, நீங்க ஆம்பளதானே? கோச்சுக்காதீங்க. கண்ணுல மருந்து ஊத்தி உட்டுட்டாங்க. அரை மணி நேரம் மூடிக்கினு உக்காரு, டாக்டர் கூப்புடுவாருன்னாங்க. தொறந்து பாத்தா எதிர்ல கீறதெல்லாம் கரைச்ச மாவு மாதிரி தெரியுது. பக்கத்துல வெள்ளையா ஒண்ணு தெரிஞ்சிது, சட்டையா இருக்கும்னு அண்ணேன்னுட்டேன். பொடவையா இருந்தா மன்னிச்சிடுங்க.

சட்டைதானா. அப்பாடா.

யாருக்கு பாக்க வந்தீங்க? மாமியாருக்கா? அரக்கோணத்துலேர்ந்து இட்டாந்து மாமியாருக்குக் கண்ணத் தொறந்து உடுறீங்க. உங்க மாதிரி தைரியசாலிய நான் பாத்ததில்லண்ணே. இவ்ளோ நாள் நீங்க இன்னா பண்ணாலும் அந்தம்மாவுக்குத் தெரியாம இருந்திருக்கும். இனிமே நீங்க பாத்து நடக்கணும்.

சிரிங்க, சிரிங்க. யாராவது சிரிச்சா எனக்குக் கொஞ்சம் தேவலாம். பயந்தா எனக்கு வாய் ஓடும். சின்ன வயசுல நாய் தொரத்துனா கூட நாய்கிட்ட பேசிக்கினே ஓடுவேன். இப்ப காலைலேர்ந்து பேசிக்கினே கீறேன். ரிசப்ஷன் பொண்ணுகிட்ட, லிஃப்டுக்காரருகிட்ட, மருந்து ஊத்துன நர்ஸம்மாகிட்ட. நர்ஸம்மா வாய மூடு, கண்ணு ஆடுதுன்னாங்க.

எம் பேரு கன்னியப்பன். வடபழனி. சினிமால வேல. ஹீரோ இல்ல, நீங்க இப்ப நிமுந்து உக்காந்திருப்பீங்க, மறுபடி சாஞ்சிக்கங்க. ஃபோகஸ் புல்லர். தெரியாதுல்ல? என் மாமனாருக்கே தெரியாது, கல்யாணப் பத்திரிகைல சினிமா கேமராமேன்னு போட்டுட்டாரு. கேமராமேன் வேற, நான் வேற. நடிக்கிறவங்க முன்ன பின்ன நடப்பாங்க இல்ல? மூஞ்சி கேமராவுலேர்ந்து எத்தன அடி தூரத்துல கீதோ, அதுக்குத் தகுந்தா மாதிரி லென்ஸ் மேல ஒரு வளையத்த திருப்பிக்கினே இருக்கணும். அதான் என் வேல. சரியா திருப்புனா மூஞ்சி பளிச்சுன்னு இருக்கும். ரெண்டு அங்குலம் தப்புனா மூஞ்சி மங்கிடும், பின்னால காது பளிச்சுன்னு இருக்கும். ஒழுங்கா செஞ்சா ஒருத்தனும் கவனிக்க மாட்டான். தப்பு பண்ணாதான் எம் பேரே வெளிய வரும். வூட்ல பொம்பளைங்க சமைக்கிற மாதிரி.

இருபத்தாறு வருஷம். எட்டாவது ஃபெயிலு, ஆனா அடி அங்குலத்துல என்னை எவனும் அடிச்சிக்க முடியாது. யூனிட்ல டீ பந்தயம் கட்டுவானுங்க. அந்தத் தூணு எவ்ளோ தூரம்பானுங்க. பதினோரு அடி நாலு அங்குலம்பேன். டேப்ப இழுத்து அளந்தா பதினோரு அடி நாலு அங்குலம். அதுல குடிச்ச டீதான் எனக்கு சுகரு வந்ததுக்குக் காரணம்னு எங்க வூட்ல அமுதா சொல்லும்.

இன்னைக்கு எதுக்கு வந்தேன்னா, ஒரு சீட்டுக்கு. கண்ணு நல்லா கீதுன்னு டாக்டர் கையெழுத்து போட்ட சீட்டு. திங்கக்கிழம புதுப் படம் ஆரம்பிக்குது, பெரிய கம்பெனி, பாம்பே. வேலைக்கு வர்றவன் எல்லாம் செக்கப் பண்ணி சீட்டு தரணுமாம். நம்ம ஊருல இப்படியா கேட்டானுங்க? ஆளு நிக்கிறானா, சம்பளம் கம்மியா கேக்குறானா, வா. இவனுங்க கண்ணு கேக்குறானுங்க.

சீட்டு கெடைக்கலன்னா? அந்தப் படம் மட்டும் போவாதுண்ணே. கன்னியப்பனுக்குக் கண்ணு தெரியலன்னு ஒரு ஃபோன் போனா போதும், சாயங்காலத்துக்குள்ள வடபழனி பூரா தெரிஞ்சிடும். கண்ணு தெரியாத ஃபோகஸ் புல்லர எவன் கூப்புடுவான்? குரல் போன பாட்டுக்காரனக்கூட மியூசிக் ஸ்கூல் வெக்கச் சொல்லுவாங்க. நான் இன்னா வெக்கிறது?

உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா, உங்க மூஞ்சி எனக்குத் தெரியல. நாளைக்கு ரோட்ல பாத்தாலும் அடையாளம் தெரியாது. அந்த தைரியந்தான்.

நடுவுலண்ணே. நடுவுல ஒரு எடம். எண்ணெக் கையோட லென்ஸத் தொட்டா ஒரு தீத்தல் உழும் பாருங்க, அது மாதிரி. சுத்தி எல்லாம் தெரியும், பாக்கணும்னு எத நேரா பாக்குறனோ அது மட்டும் தெரியாது. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. அமுதாகிட்ட கூட. இப்ப கூட ஷூட்டிங்குன்னு சொல்லிட்டுதான் வந்தேன்.

மொதல்ல அது லென்ஸுலதான் கீதுன்னு நெனச்சேன். சத்தியமா. தொடைப்பேன், தொடைப்பேன், போவாது. வாடகைக்கு லென்ஸ் குடுக்குற எடத்துல சண்ட போட்டேன். அழுக்கு லென்ஸக் குடுத்து என் தொழில கெடுக்குறியான்னு. மூணு லென்ஸ் சர்வீஸுக்கு அனுப்புனேன். மூணும் திரும்பி வந்துச்சு, லென்ஸ்ல ஒரு கோளாறும் இல்லன்னு துண்டுச்சீட்டு ஒட்டி. மூணாவது சீட்ட கையில வெச்சிக்கினு கேமரா வண்டிக்குள்ள உக்காந்திருந்தேன். வெளிய எல்லாரும் இட்லி துன்றானுங்க. லென்ஸ்ல இல்லன்னா வேற எதுலன்னு யோசிக்கவே பயம். சீட்ட கிழிச்சி போட்டுட்டு இட்லி துன்னப் போனேன்.

இதுக்கு நடுவுலதான் அந்த அவார்டு வந்து தொலைச்சது.

சொல்றேன். தயானந்த் சார்னு கேமராமேன். பத்தொம்பது வருஷம் அவர்கிட்டதான் கீறேன். கீறேன் இன்னா, இருந்தேன். போன மாசம் சண்ட போட்டுக்கினு வந்துட்டேன். அதையும் சொல்றேன், வரிசையா வர்றேன்.

ரெண்டு வருஷம் முன்ன ஒரு படம். ஒரு அம்மா, புள்ள துபாய்ல. புள்ள செத்துட்டான்னு ஃபோன் வருது. அந்தம்மா பின்கட்டுலேர்ந்து நேரா கேமராவப் பாத்து நடந்து வரணும். லீலாவதியம்மான்னு பழைய ஆர்ட்டிஸ்ட்டு. பின்னால புள்ள படுக்குற கயித்துக் கட்டில், காலியா. ஒம்போது அடில ஆரம்பிச்சி மூணடில வந்து நிக்கணும். தரையில சாக்பீஸால நாந்தான் கோடு போட்டேன். ஒம்போது, ஆறு, மூணு. அந்தம்மா காலு கோட்டத் தாண்ட தாண்ட நான் வளையத்த திருப்பணும். கண்ண மூடிக்கினு செய்யற வேல.

ஆறடிக் கோட்டக் காணம்ணே.

நான் போட்ட கோடு. என் கையால போட்டது. பாக்குறேன், அந்த எடத்துல தீத்தல். அந்தம்மா நடந்துக்கினே கீறாங்க. எங்க கீறாங்க, அஞ்சா, ஏழா? கை ஒம்போதுலயே நின்னுபோச்சு. மூஞ்சி மங்கிப் போயி பின்னால கட்டில் மட்டும் பளிச்சுன்னு இருந்திருக்கும், எனக்குத் தெரியும். அஞ்சு செகண்டு. பத்து வருஷம் மாதிரி. அப்புறம் அவங்க மூச்சு சத்தம் கிட்ட கேட்டுச்சு. அந்த சத்தத்த வெச்சி மூணடிக்குத் திருப்புனேன். சரியா அப்ப அவங்க கண்ணுலேர்ந்து தண்ணி உழுந்துச்சு.

டைரக்டர் அழுதுக்கினே ஓகேன்னுட்டாரு. லீலாவதியம்மா நெஜமாவே அழுது உக்காந்துட்டாங்க, இன்னொரு தடவ கேக்க யாருக்கும் வாய் வரல. ஆனா கேமரால கண்ண வெச்சிக்கினு இருந்தது யாரு? தயானந்த் சாரு. அரை அங்குலம் போனா அரை நாள் திட்டுற மனுஷன். அன்னைக்கு ஒரு வார்த்த பேசல. கேமராவுலேர்ந்து கண்ண எடுத்து என்னைப் பாத்தாரு, தண்ணி குடின்னாரு. அவ்ளோதான்.

மறுநாள் தனியா கூப்ட்டாரு. கன்னியப்பா, ஆறடில என்ன ஆச்சுன்னாரு. வாய் கீது பாருங்க, அது எப்பவும் எனக்கு முன்னாலயே ஓடும். "அந்தம்மா கண்ணு பூரா தண்ணி சார். அவங்களுக்கு ஒலகம் எப்படித் தெரியும், மங்கலாதானே தெரியும், கட்டில் மட்டுந்தானே மனசுல இருக்கும்னு யோசிச்சேன், அதான் அப்படியே உட்டேன்"ன்னேன். எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியல. எட்டாவது ஃபெயிலு பேசுற பேச்சா அது?

"எவ்ளோ நாளா இப்படி யோசிக்கிற?"ன்னாரு. "ஒரு ஆறு மாசமா சார்"ன்னேன். தோள்ல கைய வெச்சாரு. எடுக்கவே இல்ல. நம்பிட்டாருடான்னு எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்தப் படத்துக்குத்தான் அவார்டு. சினிமாவுக்கும் சீரியலுக்கும் நல்லா படம் புடிச்சவங்களுக்குன்னு கேமராமேனுங்களே சேந்து வருஷா வருஷம் குடுக்குறது. சீரியலுக்கு வாங்குனவர் எனக்குப் பக்கத்து சீட்டு. ஒரே மாமியார் மூஞ்சிய மூணு தடவ கிட்ட போயி காட்டுனாரே அவருதான். உங்க வூட்ல பாத்திருப்பீங்க. சினிமாவுக்கு எங்க சாரு. மேடையில ஒரு பெரியவர் வாசிக்கிறாரு, அந்தத் தாய் ஒரு நிமிஷம் தன்னையே தொலைச்சிட்டுத் திரும்பி வர்றா, அத வெறும் ஃபோகஸால சொன்ன ஷாட்டு, இந்த அவார்டே அதுக்குத்தான்னு. ஆயிரம் பேர் கை தட்டுறான். நான் நாக்காலிய கெட்டியா புடிச்சிக்கினு கீறேன். யாராவது ஒருத்தன் எந்திரிச்சி, யோவ் அது தப்புய்யான்னு சொல்லிடுவானோன்னு.

அப்ப சாரு மைக்க புடிச்சி, "அந்த ஷாட் என்னோடது இல்ல, கன்னியப்பனோடது, மேல வா"ன்னுட்டாரு.

மேடைலேர்ந்து அவ்ளோ பெரிய லைட்ட எம் மூஞ்சில அடிக்கிறானுங்க. எதிர்ல ஒண்ணுமே தெரியல. படி எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல. முன்னால ஒண்ணு கலர் கலரா நின்னுச்சு, பூச்செண்டு குடுக்க வந்த பொண்ணுன்னு நெனச்சி ரொம்ப மரியாதையா வணக்கம் வெச்சேன். பூ ஜாடி. சனங்க சிரிக்கிறாங்க, நான் வேணும்னே பண்ண மாதிரி இன்னொரு வணக்கம் வெச்சேன். அடுத்த அடி வெச்சா உழுந்துடுவேன். பாத்தா சாரே கீழ எறங்கி வந்து எங்கைய புடிச்சிக்கினாரு. படிப்படியா இட்டுக்கினு போனாரு. மூணு படி இருக்குப்பா, இப்ப திரும்புன்னு காதுல சொல்லிக்கினே. ஆஹா என்னா பணிவு, எவ்ளோ பெரிய மனுஷன்னு மறுநாள் பேப்பர்ல எல்லாம் படம். எனக்கு உள்ளுக்குள்ள கடுப்பு. உழுவுற பயத்துல நான் கீறேன், இவரு பேர் வாங்கிக்கினு கீறாருன்னு.

அதுலேர்ந்துதாண்ணே மனுஷன் மாறிப் போயிட்டாரு. அவார்டு வாங்குனா தைரியம் வரணும் இல்ல? இவருக்குப் பயம் வந்துடுச்சு.

கேளுங்க. கேமராவுக்குள்ள ஐரிஸ்னு ஒண்ணு. பூன கண்ணு மாதிரி சுருங்கும், விரியும். நல்லா தொறந்து வெச்சா கொஞ்ச வெளிச்சம் போதும், மூஞ்சி மட்டும் பளிச், பின்னால எல்லாம் மங்கலா அழகா இருக்கும். சாரு வேலையே அதான், அதுக்குத்தான் பேரு. மூடுனா எல்லாமே பளிச்சுன்னு தெரியும், கல்யாண வீடியோ மாதிரி. ஆனா லைட்டு மூட்ட மூட்டையா வேணும். அவார்டுக்கு அப்புறம் இவரு ஐரிஸ மூட ஆரம்பிச்சாரு. மூடு, இன்னும் மூடு. சேசுராஜுன்னு ஹெட் லைட்மேன், லைட்டு தூக்கித் தூக்கி அவனுக்கு இடுப்பே போச்சு. ஆர்ட்டிஸ்ட்டுக்கெல்லாம் மேக்கப் ஒழுவுது. புரொட்யூசர் ஜெனரேட்டர் பில்லத் தூக்கிக்கினு வந்து கத்துறாரு. இவரு கம்முனு வாங்கிக்கிறாரு.

இன்னொண்ணு, யாரையும் நடக்க உடுறதில்ல. நின்ன எடத்துலயே பேசுங்கன்றாரு. தரைல என் சாக்பீஸ் கோடு போதாதாம், பச்சக் கலர் டேப்பு, உள்ளங்கை அகலம், நான் போறதுக்கு முன்னாடியே ஒட்டி வெச்சிருப்பானுங்க. ஷாட்ட பாக்க எனக்குன்னு சின்னதா ஒரு மானிட்டர் இருந்துச்சு, அத எடுத்துட்டு அவ்ளோ பெருசு ஒண்ணு கொண்டாந்து வெச்சிட்டாரு. "இன்னா சார், மதியானம் சீரியல் பாக்கவா?"ன்னேன். சிரிச்சாரு. இவ்ளோ வசதி பண்ணா ஃபோகஸ் எங்க போவும்? கொழந்த கூட திருப்பும். என் தெறமையையே சந்தேகப்படுறாருன்னு எனக்கு ஒரே ஆத்திரம்.

போன மாசம் ஈசிஆர்ல ஒரு பங்களா. காலைல பதினோரு மணி. ஒரு சின்ன ரூம்புக்குள்ள ஆறு லைட்டு. ஏழாவது கொண்டான்றாரு. நான், "இன்னா சார், ஷூட்டிங் பண்றமா, கருவாடு காய வெக்கிறமா?"ன்னேன். யூனிட்டே சிரிச்சுச்சு. சிரிச்சா எனக்கு அடங்காது. அடுத்ததா, "அவார்டு வாங்குனதுலேர்ந்து உங்களுக்குக் கண்ணு அவுஞ்சி போச்சு சார், அதான் இவ்ளோ வெளிச்சம் கேக்குறீங்க"ன்னேன்.

ஒருத்தனும் சிரிக்கல.

இருபத்தாறு வருஷத்துல நான் சொல்லி யூனிட்ல ஒருத்தன் கூட சிரிக்காதது அதான் மொத தடவ. சேசுராஜு தலைய குனிஞ்சிக்கினான். டீ குடுக்குறவரு அப்படியே நின்னுட்டாரு. சாரு மெதுவா, "ஆமா கன்னியப்பா, எனக்குத்தான் சரியா தெரியல"ன்னாரு. அப்புறம் சேசுராஜப் பாத்து, "ஏழாவது லைட்ட போடுப்பா"ன்னாரு.

எனக்கு ரோஷம் வந்துடுச்சு. அளக்குற டேப்ப வீசிட்டு வந்துட்டேன். அவார்டு வாங்குன பேருக்கு இந்தப் பாம்பே டைரக்டர் பையன் ரொம்ப நாளா கூப்டுக்கினு இருந்தான், அந்த ஷாட் மாதிரியே என் படம் பூரா வேணும், ஐரிஸ் ஃபுல்லா தொறந்து வெக்கிறேன், ஆளுங்க ஓடிக்கினே இருப்பாங்க, நீங்க உங்க மேஜிக்க பண்ணுங்கன்னு. சரின்னுட்டேன். அன்னைலேர்ந்து தூக்கம் இல்ல. ஃபுல்லா தொறந்து, ஓடுற ஆளுங்க. திங்கக்கிழம மொத ஷாட்டுலயே மாட்டுவேன். ஆனா எங்க சாரு மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா நான் ஏன்ணே வெளிய வர்றேன்? நீங்களே சொல்லுங்க.

இன்னா?

இல்ல, சரியா கேக்கல. திருப்பிச் சொல்லுங்க.

லைட்டு ஜாஸ்தி போட்டு ஐரிஸ மூடுனா யாருக்கு வேல சுலபம்னா? கேமராமேனுக்குத்தான்... இல்லண்ணே, அவருக்குக் கஷ்டம், படம் அழகு போயிடும், பேரு கெடும். லைட்மேனுக்கு சொல்லவே வேணாம். புரொட்யூசருக்கு நஷ்டம். ஆர்ட்டிஸ்ட்டு வேர்த்து சாவுறாங்க. சுலபம்னு பாத்தா...

ஃபோகஸ் புல்லருக்கு.

சேச்சே. அதெல்லாம் இருக்காதுண்ணே. அவருக்கு எங்க தெரியும்? தெரிஞ்சிருந்தா அன்னைக்கே வேலைய உட்டு தூக்கியிருப்பாரு. அரை அங்குலத்துக்கு அரை நாள் திட்டுறவரு. நான்தான் சொல்லவே இல்லியே. யார்கிட்டயும் சொல்லல. பச்ச டேப்பு இப்ப எல்லா செட்லயும்... எல்லா செட்லயும் இல்ல. எங்க செட்ல மட்டுந்தான்.

சேசுராஜு கூட, ரெண்டு வருஷமா, நான் ஷூட்டிங் ஃப்ளோருக்குள்ள நுழைஞ்சா பக்கத்துல வந்து நின்னுக்குவான். வயரு கீதுண்ணா, கால தூக்கி வையின்னு முழங்கையப் புடிப்பான். இன்னாடா, புதுப் பொண்டாட்டியா நானுன்னு கலாய்ப்பேன். அவன் உடாம புடிச்சிக்கினே வருவான்.

அப்ப அவனுக்கும் தெரியுமா?

டீக்காரருக்கும்?

அண்ணே, எனக்கு ஒரு மாதிரி வருது. கண்ணு தொறந்துதான் கீது, நீங்க கீறீங்களா? கையக் குடுங்க கொஞ்சம். சரி, கீறீங்க.

நான் எல்லாரையும் கலாய்ச்சிக்கினு இருந்தேன்ணே. அத்தன பேரும் என்னைப் பாத்துக்கினு இருந்திருக்கானுங்க. நான் பாக்குறேன்னு நெனச்சிக்கினு... அவரப் போயி, அத்தன பேர் நடுவுல, கண்ணு அவுஞ்சி போச்சுன்னு சொல்லிட்டேனே. அவர் வாங்கிக்கினாரே. வாங்கிக்கினு ஏழாவது லைட்ட போடுன்னாரே.

தெரியாது. தெரிஞ்சிருக்காது. நீங்க சும்மா கெளப்பி உடுறீங்க. அரக்கோணத்துலேர்ந்து வந்து என் உசுர வாங்குறீங்க.

இந்தாங்க, இந்த ஃபோனப் புடிங்க. எனக்கு எழுத்து ஒண்ணும் தெரியல. தயானந்த் சார்னு இருக்கும், தாடி வெச்ச ஃபோட்டோ. கெடைச்சுதா? போடுங்க. இல்ல, இருங்க. போடாதீங்க.

போடுங்க.

தோ வர்றேன் நர்ஸம்மா, கன்னியப்பன்தான், எழுந்துட்டேன். செவுத்தப் புடிச்சிக்கினு வந்துடுவேன், நீ போ. அண்ணே, ஃபோன் அடிக்குதா? எங்கிட்ட வேணாம், நீங்களே வெச்சிக்கங்க, எனக்குக் குரல் வராது. எடுத்தாருன்னா கன்னியப்பன் கண்ணாஸ்பத்திரில கீறான்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் சொல்லாதீங்க. அவர் பதறிக்கினு என்னாச்சு, ஏது, கன்னியப்பனுக்குக் கண்ணுல என்னான்னு கேட்டாருன்னா, அவருக்கு ஒண்ணும் தெரியாது, நீங்க சொன்னது தப்பு. எந்த ஆஸ்பத்திரி, எத்தனாவது மாடின்னு மட்டும் கேட்டாருன்னா...

நான் உள்ள போயிட்டு வர்றேன். அவர் எத கேட்டாருன்னு எனக்கு சொல்லணும். எங்கயும் போயிடாதீங்கண்ணே, இங்கயே இருங்க. நீங்க எழுந்து போயிட்டா, எனக்கு உங்களக் கண்டுபுடிக்கத் தெரியாது.